வெள்ளிக்கிழமைக் காய்ச்சல்

எங்கள் வீட்டிலிருந்து எந்தக் கடிதம் போனாலும் அது என் கையெழுத்தில்தான் போகும். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டதென்று பொதுப்பணித்துறைக்குத் தெரிவிக்க, மச்சானின் லைசென்ஸைப் புதுப்பிக்க, எல்லாவற்றுக்கும் நான்தான். அப்பா கைநாட்டு. அக்கா ஐந்தாவதோடு நின்றுவிட்டாள். பன்னிரண்டைத் தாண்டி, மன்னார்குடியில் டிகிரியும் முடித்த ஒரே ஆள் நான் என்பதால், வீட்டுக்குள் வரும் எந்தக் காகிதமும் முதலில் என் மடியில்தான் விழும். மாத்திரை அட்டையைக்கூட என்னிடம் கொடுத்து, "என்னடா போட்டிருக்கு?" என்பார் அப்பா. அதில் போட்டிருப்பது எனக்கும் புரியாது. ஆனாலும் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, "சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்க" என்று சொல்லிவிடுவேன்.

அக்கா மகளின் லீவ் லெட்டரும் இப்படித்தான் என் பொறுப்பில் வந்தது. அவளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. மச்சான் அறுவடை மெஷின் ஓட்டுகிறவர். பாதி வருடம் வேறு மாவட்டங்களில் இருப்பார். அதனால் அக்காவும் மகளும் வலங்கைமானுக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். ஆறாம் வகுப்பில் தமிழய்யா கரும்பலகையில் எழுதிப்போட்ட விடுப்பு விண்ணப்பம் எனக்கு இன்றைக்கும் தலைகீழாகத் தெரியும். 'எனக்கு நேற்று இரவு முதல் காய்ச்சலாக இருப்பதால்' என்று தொடங்கும். அதை வைத்துக்கொண்டே என் பள்ளிக்காலம் முழுவதையும் ஓட்டினேன். நாற்று பறிக்க ஆள் வராத நாளிலும் காய்ச்சல். மாடு கன்று போட்ட நாளிலும் காய்ச்சல். என்னைப் பொறுத்தவரை அது ஒரு நோயின் பெயரே இல்லை. 'ஐயா'வுக்கும் 'இப்படிக்கு'வுக்கும் நடுவில் வந்தாக வேண்டிய ஒரு சொல், அவ்வளவுதான். அக்கா மகளுக்கும் அதையேதான் எழுதினேன். 'எனக்கு' என்பதை மட்டும் 'என் மகளுக்கு' என்று மாற்றுவேன். அக்கா கீழே கையெழுத்துப் போடுவாள்.

அந்த வருடம் மார்கழியில் நான் காவலர் தேர்வுக்கு ஓடிப் பழகிக்கொண்டிருந்தேன். குடமுருட்டிக் கரை ரோட்டில், மதகிலிருந்து அடுத்த ஊர் பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்த் திரும்பினால் என் கணக்குக்குச் சரியாக வரும். போனில் ஸ்டாப்வாட்ச், கழுத்தில் துண்டு, தலையில் குல்லா. நான்காவது நாள் அக்கா மகளும் வருவேன் என்று நின்றாள். ஒரு பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே ஒழுங்கான பயிற்சி கொடுத்தால் எப்படி வரும் என்று எனக்கும் ஒரு ஆசை. கோச் என்று என்னை நானே நியமித்துக்கொண்டேன்.

தொடக்கத்தில் அவள் என்னைவிட வேகமாகப் போவாள். முயல் மாதிரி. மதகைத் தாண்டி மின்கம்பங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போகும். எனக்கே வெட்கமாக இருக்கும். ஆனால் ஐந்தாறு கம்பம் தாண்டியதும் நின்றுவிடுவாள். ஒருநாள் செருப்பில் கல். ஒருநாள் மீன்கொத்தி பார்க்க வேண்டும். ஒருநாள் ரிப்பன் அவிழ்ந்துவிட்டது. ஆனால் அன்றைக்கு அவள் தலையில் ரிப்பனே இல்லை. ரோட்டோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக்கொண்டு, நான் போய்த் திரும்பி வரும்வரை அப்படியே இருப்பாள். வீட்டுக்குத் திரும்பும்போது இருமுவாள். பனிக்காலத்தில் பிள்ளைகள் இருமுவது எங்கள் பக்கத்தில் ஒரு செய்தியே இல்லை.

நான் அவளுக்கு நாகூர் பாசஞ்சர் என்று பட்டப்பெயர் வைத்தேன். எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் ரயில். அவளுக்கு அதில் கோபமே வரவில்லை.

"பாசஞ்சர்னாதான் மாமா எல்லாரும் ஏறுவாங்க. நீங்க எக்ஸ்பிரஸ். யாருமே ஏற மாட்டாங்க" என்றாள். அந்த வருடம் எனக்குப் பெண் பார்த்து இரண்டு இடம் தட்டிப்போயிருந்ததால் அக்கா இதற்கு விழுந்து விழுந்து சிரித்தாள்.

இன்னொரு காலையில் அவள் நின்ற இடத்துக்கு நான் திரும்பி வந்து, இன்றைக்கு என்ன காரணம் என்று கேட்டேன். நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

"உள்ள விசில் அடிக்குது மாமா."

"போலீஸ் வேலைக்கு நான்தானே ஓடுறேன்? உனக்கு எதுக்கு அதுக்குள்ள விசில் குடுத்தாங்க?" என்றேன். அவளும் சிரித்தாள், சிரித்ததில் இன்னும் இருமல் வந்தது. வீட்டுக்கு வந்து எல்லோரிடமும் இதைச் சொன்னேன். ஒரு வாரம் அது எங்கள் வீட்டில் ஓடியது. அவள் இருமினால் அப்பா, "டிராபிக் போலீஸ் கிளம்பிட்டாங்க" என்பார்.

இதை எழுதும்போது என் காது சுடுகிறது. ஒரு குழந்தை ஒரு டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியத்தை அவ்வளவு தெளிவாக என்னிடம் சொல்லியிருக்கிறது. நான் அதை நகைச்சுவைத் துணுக்காக்கி ஊருக்கு விநியோகம் செய்திருக்கிறேன்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரம் அவளுடைய டீச்சர் என்னை வரச்சொல்லி அனுப்பினார். போனேன். மேஜைமேல் ஒரு ஃபைல். அதற்குள் நான் எழுதிய லீவ் லெட்டர்கள், ஆணியில் குத்திவைத்ததுபோல அடுக்காக. மொத்தம் ஒன்பது. என் கையெழுத்து நன்றாக இருந்ததாகத்தான் முதலில் நினைத்தேன்.

"கையெழுத்து அழகா இருக்கு சார்," என்றார் டீச்சரும். பிறகு ஒவ்வொன்றாகப் புரட்டினார். "எல்லாத்துலயும் காய்ச்சல். ஒன்பது காய்ச்சலும் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை லீவு போட்டா சனி, ஞாயிறோட சேத்து மூணு நாள் கெடைக்கும். எங்க சார் போறீங்க, குடும்பத்தோட?"

நாங்கள் குடும்பத்தோடு போன கடைசி இடம் தரங்கம்பாடி. அதுவும் மூன்று வருடத்துக்கு முன்னால், கடலைப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பிவிட்டோம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அப்படிப் பொய் சொல்லி லீவு போடும் வீடு எங்கள் வீடு இல்லை, பிள்ளை உண்மையாகவே இரவெல்லாம் இருமுகிறாள், விடிந்து அயர்ந்து தூங்குகிறவளை எழுப்ப அக்காவுக்கு மனம் வருவதில்லை என்று நீளமாகச் சொன்னேன்.

"இருமலா?"

"ஆமாங்க டீச்சர்."

"அப்ப ஏன் காய்ச்சல்னு எழுதுனீங்க?"

"லீவ் லெட்டர்ல அப்படித்தானே டீச்சர் எழுதுவாங்க."

டீச்சர் என்னையே பார்த்தார். நான் விளையாடவில்லை என்று தெரிந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. ஃபைலை மறுபடி புரட்டி, சுவரில் ஒட்டியிருந்த கால அட்டவணையைப் பார்த்தார். வியாழக்கிழமைக் கடைசி இரண்டு பீரியடும் விளையாட்டு.

அதற்குப் பிறகு அவர் சொன்னதையெல்லாம் நான் நின்றுகொண்டே கேட்டேன். விளையாட்டு பீரியடில் இந்தப் பிள்ளை நன்றாக ஓடுமாம். ஓடி நிறுத்திய பிறகுதான் போய்ப் படிக்கட்டில் உட்காருமாம்; தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்குமாம். என்னவென்று கேட்டால் ரிப்பன் கட்டப்போகிறேன் என்று சொல்லுமாம். கண்ணாமூச்சி ஆடினால் தானாகவே போய் எண்ணுகிற ஆளாக நின்றுகொள்ளுமாம். ரிங் பால் என்றால் அம்பயர். "புத்திசாலிப் புள்ள, ஓடாத வேலையாப் பாத்து எடுத்துக்குதுன்னு நெனச்சேன்," என்றார் டீச்சர். அவருடைய தம்பி பிள்ளைக்கும் ஓடினால் மட்டும் வீசிங் வருகிற தொந்தரவு இருந்ததாம். இது அதுதான் என்று சொல்லத் தனக்குத் தெரியாது, ஆனால் டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். ஒன்பது கடிதங்களையும் என் கையிலேயே கொடுத்தார். "தேதியாவது சரியா எழுதியிருக்கீங்க. கொண்டு போய்க் காட்டுங்க."

வீட்டில் இதைச் சொன்னதும் அக்காவின் முகம் மாறிவிட்டது. சளி என்றால் அவளுக்குத் தெரியும். தூதுவளை, கற்பூரவல்லி, மிளகுக் கஷாயம் என்று வரிசையாக வைத்திருந்தாள். வைக்கோல் தூசி என்றாலும் தெரியும். வீசிங் என்ற சொல்லைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. எதிர்வீட்டில் கேட்டுவிடப்போகிறது என்று எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"பனியில ஓட்டுன ஓட்டுல புள்ளைக்கு நோவை இழுத்து விட்டுட்டு, இப்ப பேரு வேற கேட்டுக்கிட்டு வந்திருக்கியா?"

ஒன்பது கடிதங்களில் நான்கு, மார்கழிக்கு முன்னாலேயே எழுதியவை என்று சொல்லியிருக்கலாம்.

கும்பகோணத்தில் குழந்தைகள் டாக்டர் ஒருவரிடம் போனோம். நடுத்தர வயதுப் பெண்மணி. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டுதான் பேசுவார். மார்பிலும் முதுகிலும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, இப்போது ஒன்றும் கேட்கவில்லை, சுத்தமாக இருக்கிறது என்றார். அக்காவுக்கு உயிர் வந்தது. நான் கடிதங்களை எடுத்து நீட்டினேன். டாக்டர் மேலே இருந்த ஒன்றைப் படித்தார்.

"காய்ச்சல் எவ்வளவு இருந்துச்சு?"

"காய்ச்சல் இல்லைங்க டாக்டர்."

அடுத்ததை எடுத்தார். "இதுல?"

"அதுலயும் இல்லைங்க."

"ஒன்பது நாளும் இல்லாத காய்ச்சலுக்கு எனக்கு ஏன் சார் லெட்டர் குடுக்குறீங்க?"

வியாழக்கிழமை, விளையாட்டு, இருமல் எல்லாவற்றையும் வேர்க்க விறுவிறுக்கச் சொல்லி முடித்தேன். டாக்டர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு தேதிகளை மட்டும் வரிசையாகப் பார்த்தார். பிறகு குழந்தையிடம், ஓடுவாயா என்று கேட்டார். எங்கே என்றாள் அவள். கிளினிக்குக்குப் பின்னால் ஒரு சந்து இருந்தது. நர்ஸ் கையில் கடிகாரத்தோடும் மருந்தோடும் நின்றார். கூட யாராவது ஓடினால் பிள்ளை நன்றாக ஓடும் என்று டாக்டர் சொன்னதால், நானும் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு ஓடினேன். பஸ் பிடிக்கப் பிந்தியவர்கள் என்று நினைத்து ஒரு அம்மா எங்களுக்கு வழிவிட்டு நின்றார்.

திரும்பி வந்ததும் டாக்டர் முதலில் என்னைப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தார். அவள் சாதாரணமாக நின்றாள், எனக்குத்தான் இரைத்தது. "கூடவே ஓடுங்கன்னு சொன்னேன், வழியெல்லாம் கத்திக்கிட்டு ஓடச் சொல்லல" என்றார். 'கையை வீசு, கையை வீசு' என்று நான் கோச் வேலை பார்த்தது உள்ளேவரை கேட்டிருக்கிறது.

உட்காரச் சொன்னார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு புறப்படவே தயாராகிவிட்டாள். அப்போது முதல் இருமல் வந்தது. பிறகு இன்னொன்று. தோள்கள் ஏறத் தொடங்கின. இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக்கொண்டாள். மின்கம்பத்தடியில் நான் எத்தனையோ காலைகளில் பார்த்த அதே இருப்பு.

டாக்டர் வைத்துக் கேட்டார். பிறகு ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி அக்காவின் காதில் மாட்டிவிட்டார். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"என்னமா கேக்குது?"

"விசில் மாதிரி," என்றாள் அக்கா.

குழந்தை திரும்பி என்னைப் பார்த்தாள். "நான் சொன்னேன்ல மாமா?" என்று மட்டும் கேட்டாள். அதில் குற்றம் சொல்கிற தொனி துளியும் இல்லை. எப்போதோ சொன்ன விடையை வாத்தியார் இப்போதுதான் சரி என்று போட்டார் என்பது போல இருந்தது. நான் சுவரில் மாட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் படிக்கத் தொடங்கினேன்.

நீளமான பிளாஸ்டிக் குழாய் ஒன்றின் முனையில் மூச்சு மருந்து பம்பைச் செருகி, அவளை மெதுவாக இழுத்து மூச்சு விடச் சொன்னார்கள். கால்மணி நேரம் கழித்து அக்கா மறுபடி கேட்டபோது சத்தம் இல்லை. டாக்டர் நிதானமாகச் சொன்னார். ஓடினால் மூச்சுக்குழாய் சுருங்கிக்கொள்கிற ஆஸ்துமா போலத்தான் தெரிகிறது. ஆனால் இந்த வயதில் ஒரே நாளில் முத்திரை குத்த வேண்டாம், கொஞ்ச நாள் பார்ப்போம். ஓடுவதற்குக் கால்மணி முன்னால் பம்ப். எடுத்த எடுப்பிலேயே பாயாமல் முதலில் நடந்து, பிறகு மெதுவாக ஓட வேண்டும். மார்கழிப் பனியில் வேண்டவே வேண்டாம். இரவு இருமலை எழுதி வைத்துக்கொண்டு வர வேண்டும். "இருமல்னே எழுதுங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பம்ப் எடுத்தும் மூச்சு அடங்காமல், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் போனால், காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடி வர வேண்டும்.

அக்காவுக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது. "ஓடாமயே இருந்துட்டா இதெல்லாம் வேணாம்லங்க?"

"ஓடாம இருந்தா உங்களுக்கு அந்தச் சத்தம் கேக்காதுமா. அவ்வளவுதான். அவ ஓடணும்."

பஸ்ஸில் வரும்போதே அக்கா முடிவு செய்துவிட்டாள். டாக்டர் ஆயிரம் சொல்வார். ஓட்டமும் வேண்டாம், பம்பும் வேண்டாம். பொட்டப் பிள்ளை ஓடி எந்தக் கப்பைத் தூக்கிக்கொண்டு வரப்போகிறது? பம்ப் வைத்திருக்கிற பிள்ளை என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால் போகுமா? இதையெல்லாம் மெதுவான குரலில் என்னிடம் சொல்லிக்கொண்டு வந்தாள். பங்குனியில் பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்கு இரண்டாம் வகுப்பிலிருந்து ஆள் எடுக்கப்போகிறார்கள் என்பது எங்கள் மூவருக்குமே தெரியும். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் அதைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானாவது சண்டை போட்டிருப்பேன்.

மூன்று வியாழக்கிழமை போயிற்று. இரவு இருமல் குறைந்தது. அக்கா அதைத் தன் முடிவுக்குக் கிடைத்த சான்றாக வைத்துக்கொண்டாள். நான் டாக்டர் சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். படித்தவன் சொன்னால் கேட்கும் வீடுதான் எங்களுடையது; ஆனால் விசில் விஷயத்தில் நான் தேர்ச்சி பெறவில்லை என்பதால் என் சொல்லுக்கு மதிப்பெண் போடுவதை நிறுத்தியிருந்தார்கள்.

நான்காவது வியாழக்கிழமை, ஏதோ உதவித்தொகைப் படிவத்தில் கையெழுத்துப் போட அக்காவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். உளுந்து பறித்துக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள்; படிவம் என்பதால் நானும் கூடப் போனேன். மைதானத்தில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பிள்ளை படிக்கட்டில் இருந்தாள். ஓடப் போனவர்கள் கழற்றிப் போட்ட செருப்புகள் அவளைச் சுற்றி. அவற்றை ஜோடி சேர்த்து, சின்னது பெரியது என்று வரிசையாக அடுக்கிவைத்திருந்தாள். ஒன்றுகூடக் கோணலாக இல்லை.

"ஒரு செருப்புகூடக் காணாமப் போவலம்மா," என்றாள் பெருமையாக.

அக்கா படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். திரும்பி நடந்தோம். வரப்பில் இறங்கும் இடத்தில் நின்று, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"அஞ்சாவது முடிச்சப்புறம் உன்ன இடுப்புல வச்சுக்கிட்டு நானும் இப்படித்தாண்டா படிக்கட்டுல உக்காந்திருந்தேன், எல்லாம் ஓடுறதப் பாத்துக்கிட்டு. செருப்பாச்சும் சும்மா கெடக்குது. நீ கத்திக்கிட்டே கெடப்ப."

அடுத்த வாரம் புத்தகப் பையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் பம்பும் குழாயும் இருந்தன. ஒரு பழைய பாலியஸ்டர் சேலையைக் கிழித்து அதற்குச் சுருக்குப்பை தைத்திருந்தாள் அக்கா. மேலே ஒரு பூ வேறு.

ஆள் எடுக்கும் ஓட்டம் அன்றைக்குத்தான். டீச்சர் கடிகாரம் பார்த்து, கால்மணி முன்னால் பம்ப் கொடுத்தார். நான்கைந்து பிள்ளைகள் சுற்றி நின்று, தங்களுக்கும் ஒருதடவை தரச்சொல்லிக் கேட்டார்கள். மறைக்க வேண்டும் என்று அக்கா பயந்த பொருளுக்கு அங்கே வரிசை நின்றது. மைதானத்தை ஒரு சுற்று நடந்தாள், ஒரு சுற்று மெதுவாக ஓடினாள். பிறகு எட்டுப் பேர் சுண்ணாம்புக் கோட்டில் நின்றார்கள். முதல் மூன்று பேரைத்தான் எடுப்பார்கள்.

அக்கா உளுந்துக் கொல்லையிலிருந்து நேராக வந்து வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். கையெல்லாம் மண். ஓட்டம் தொடங்கியதும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சட்டையில் மண் கறை இன்னும் போகவில்லை. வழக்கமாக நின்றுவிடும் தூரம் வந்தது. அவள் நிற்கவில்லை. முடிவுக் கோட்டைத் தாண்டி, எல்லாப் பிள்ளைகளையும் போல இரைத்துக்கொண்டு, எங்களைப் பார்த்ததும் நடந்து வந்தாள். அக்கா அவளை மரத்தடியில் உட்கார வைத்து, முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். இரைப்பு தானாகவே அடங்கியது.

"மூச்சு முட்டுதா?"

"இல்லம்மா."

"இருமல் வருதா?"

"இல்ல."

"பொய் சொல்லாத. எதாச்சும் பண்ணுதா?"

"ஒண்ணுமே பண்ணலம்மா. தண்ணி மட்டும் குடு."

அக்கா முகத்தை விட்டாள். கன்னம் இரண்டிலும் மண் விரல்தடம். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, எழுந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்பறம் ஏண்டி அஞ்சாவதா வந்த?"

அவள் தண்ணீரை முழுதாகக் குடித்து முடித்தாள்.

"எனக்கு முன்னாடி நாலு பேரு ஓடுனாங்கம்மா."